அம்மாவின் தலையில் போட்டது

சனிக்கிழமை காலை எல்கடுவயிலிருந்து மாத்தளைக்கு பஸ் ஏறும்போதே, தன் தலையில் பேன் இருக்கிறது என்பது கெத்தரினுக்குத் தெரியும்.

புதன்கிழமை அவளே ஒன்றைப் பிடித்திருந்தாள். தோட்டத்து முன்பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது காதுக்குப் பின்னால் அரித்தது. விரலை விட்டுத் தடவியதில் நகத்திடையில் அகப்பட்டது. அவளிடம் இருபத்து மூன்று பிள்ளைகள். அழுதால் மடியில் ஏறித் தோளில் தலையைச் சாய்த்துக்கொள்ளும் வயது. யாரிடமிருந்து வந்தது என்று கேட்பதில் அர்த்தமில்லை. அன்று மாலை ஷாம்பு போட்டு இரண்டு தடவை தலை கழுவினாள். வியாழக்கிழமை இன்னொரு தடவை. வெள்ளிக்கிழமை அரிப்புக் குறைந்தது போலிருந்தது. போய்விட்டது என்று நம்ப விரும்பினாள், நம்பியும் விட்டாள்.

அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அம்மா வாசலில் உட்கார்த்தி வைத்து ஒரே மாலையில் இழுத்து எடுத்திருப்பாள். ஆனால் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தில், வாசலில் உட்கார்ந்து பேன் பார்த்தால் ஆறு வீட்டுக்கும் தெரியும். இருபத்தாறு வயது, டீச்சர், இன்னும் மூன்று வாரத்தில் கல்யாணம். அந்த வாசலில் போய் உட்கார அவளுக்கு மனமில்லை.

அன்று அலுவிகாரையில் நிஷ்மியாவின் பார்லரில், கல்யாணத்துக்கு என்ன கொண்டை போடுவது என்று பார்க்க ஏற்பாடாகியிருந்தது. ஏற்பாடு செய்தவர் மாப்பிள்ளை ஷியாமின் அக்கா டெல்மா. தாய் இறந்தபோது ஷியாமுக்குப் பன்னிரண்டு வயது. அதன் பிறகு அவனை வளர்த்தது டெல்மாதான். மாத்தளை டவுனில் ஒரு பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறார். மாதா கோயிலில் மணப்பெண் தலையில் போடும் வெள்ளை நெட் ஒன்று அவரிடம் இருந்தது. அவருடைய கல்யாணத்துக்குக் கணவரின் உறவுக்காரி ஒருத்தி இத்தாலியிலிருந்து அனுப்பியது. ஓரம் முழுக்கக் கையால் பின்னிய லேஸ். தம்பிக்கு வரப்போகிறவளும் அதைத்தான் போடவேண்டும் என்று பத்து வருடமாகப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்.

தோட்டத்துப் பெண்ணா என்று அவர்களுடைய சொந்தத்தில் சிலர் கேட்டார்களாம். படிச்ச பிள்ளை, சுத்தமான பிள்ளை என்று டெல்மா பதில் சொன்னாராம். ஷியாம் இதைப் பெருமையாகத்தான் அவளிடம் சொன்னான். கெத்தரினும் சந்தோஷப்பட்டாள். ஆனால் அன்றிலிருந்து அவர்கள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் படியேறும் முன் செருப்பின் அடியைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் அவளுக்கு வந்துவிட்டது.

அவளோடு அம்மா மரிய கொறற்றியும் வந்தாள். கொழுந்து பறிக்கும் வேலையில் ஒரு நாள் பெயரை, அந்த நாள் சம்பளத்தை, விட்டுவிட்டு, நத்தார் பண்டிகைக்கு எடுத்த நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். அவள் வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. தங்கள் குடும்பத்தில் பெண்ணின் தாய்தான் நெட்டைத் தலையில் குத்திவிடுவது வழக்கம் என்று நிச்சயதார்த்தத்தன்று டெல்மா சொல்லியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து கொறற்றிக்கு அதே நினைப்பு. எங்கே பிடிப்பது, எப்படிக் குத்துவது, லேஸ் கிழிந்துவிட்டால் என்ன செய்வது என்று மகளைப் போட்டுத் துளைத்துக்கொண்டிருந்தாள். நிஷ்மியாவிடம் கேட்டுப் பழகிக்கொள்ளலாம் என்றுதான் பஸ் ஏறினாள்.

நிஷ்மியாவின் பார்லர் வீட்டின் முன்னறைதான். வாசலில் தடித்த திரை, உள்ளே பெரிய கண்ணாடி, சுழலும் கதிரை ஒன்று. டெல்மா முன்பே வந்து காத்திருந்தார். மடியில் நெட் வைத்த அட்டைப்பெட்டி. கொறற்றி திரைக்குப் பக்கத்தில் போடப்பட்டிருந்த பிளாஸ்டிக் கதிரையின் நுனியில் உட்கார்ந்தாள். டெல்மாவை அவள் டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள். சம்பந்தியாகப் போகிறவரை அப்படிக் கூப்பிடவேண்டாம் என்று கெத்தரின் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

நிஷ்மியா பெட்டியைத் திறந்து நெட்டைக் கையில் தூக்கிப் பார்த்தார். பாரமான நெட், டீச்சர் என்றார். எந்தக் கொண்டை என்பதை முகம் அல்ல, இந்தப் பாரம்தான் முடிவு செய்யும் என்று விளக்கினார். உச்சிக்கொண்டை போட்டால் நெட் உயர்ந்து நிற்கும், படத்துக்கு அழகு; ஆனால் ஒரு மணி நேரப் பூசையில் பின்னால் இழுத்து இழுத்துப் பிள்ளைக்குத் தலைவலி வரும். பாதி முடியை விரித்துவிட்டால் நெட்டின் நுனியில் தைத்திருக்கும் சீப்பு பிடிப்பதற்கு ஒன்றுமில்லை. இந்த மாதிரி வழுக்குகிற முடியில் பலிபீடத்துக்குப் போவதற்குள் கழன்றுவிடும். பிடரியில் தாழ்வாகக் கொண்டை போட்டு, உச்சியில் முடியைக் கொஞ்சம் எதிர்ப்பக்கமாகச் சீவிப் புடைக்க வைத்து, அதில் சீப்பைக் குத்தினால் அசையாது. மண்டபத்தில் படம் எடுத்து முடிந்ததும் கொண்டை கலையாமல் நெட்டை எடுத்துவிட்டுப் பூ வைக்கலாம். எல்லாவற்றையும் ஒரு தடவை போட்டுப் பார்ப்போம் என்று டெல்மா சொன்னார்.

நிஷ்மியா வால்சீப்பை எடுத்து முடியைப் பகுதி பகுதியாகப் பிரிக்கத் தொடங்கினார். காதுக்கு மேலே ஒரு பகுதியைத் தூக்கியவர் அப்படியே நின்றார். ஒரு நொடிதான். கண்ணாடியில் அவருடைய கண் கெத்தரினின் கண்ணைச் சந்தித்தது. கெத்தரின் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"டீச்சர், இன்டைக்கி நெட்ட வைக்க வேணாம்" என்றார் நிஷ்மியா, சீப்பை நிறுத்தாமல். "கசங்கிப் போகும். நான் தலைக்கிப் போடுற ஷோல் ஒண்டு இரிக்கி, அத வச்சே அளவப் பாப்பம்."

அவர் தன்னைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்று கெத்தரினுக்குப் புரிந்தது. ஆமாக்கா, அப்படியே பாப்போம் என்று அவளும் டெல்மாவிடம் சொல்லிப் பார்த்தாள். ஆனால் ஷோலின் பாரம் வேறு, நெட்டின் பாரம் வேறு என்று இப்போதுதானே சொன்னீர்கள் என்று டெல்மா சிரித்தார். நிஷ்மியா அடுத்த பகுதி முடியைப் பிரித்தார்.

தாழ்கொண்டை போட்டு முடிந்ததும் டெல்மாவே நெட்டை விரித்தார். கொறற்றியும் பழகிக்கொள்வதற்காக எழுந்து கிட்டே வந்தாள். சீப்பு உச்சியில் இறங்கியது. நெட் இரண்டு தோளிலும் வழிந்து தரையைத் தொட்டது. கண்ணாடியில் இருந்தவளைக் கெத்தரினுக்கே அடையாளம் தெரியவில்லை. டெல்மாவின் கண் கலங்கியது. போனை எடுத்து ஒரு படம் எடுத்தார். இன்னொன்று எடுக்கக் கிட்டே வந்தார். பிறகு போனைத் தாழ்த்தினார்.

வலது காதுக்கு மேலே, வெள்ளை நெட்டின் மீது, அது மெதுவாக நடந்துகொண்டிருந்தது.

டெல்மா தானே சீப்பைக் கழற்றி நெட்டை எடுத்தார். திரையை விலக்கி வெளியே போய் இரண்டு தடவை உதறும் சத்தம் கேட்டது. உள்ளே வந்து நெட்டை மடிக்காமல் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "எங்கேருந்து வந்துச்சு, கெத்தரின்?"

உண்மையைச் சொல்ல இரண்டு வார்த்தை போதும். பிள்ளைகளிடமிருந்து வந்தது. ஆனால் அதைச் சொன்னால், தெரிந்திருந்துமா இங்கே வந்து உட்கார்ந்தாய் என்ற அடுத்த கேள்வி வரும் என்று அவளுக்குத் தோன்றியது. அந்தக் கேள்விக்கு முன்னால் வாய் தானாகத் திறந்தது.

"அம்மா தலையிலருந்து வந்துருக்கும். நாங்க ரெண்டு பேரும் ஒரே கட்டில்ல தான் படுக்கிறோம். எத்தன தடவ சொன்னாலும் அவங்க தலையப் பாக்கறதே இல்ல."

சொல்லி முடித்த பிறகுதான் கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தாள். கொறற்றி நெட்டைப் பிடிப்பதற்காக நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை. ஐம்பதை நெருங்கும் வயதிலும் அவளுக்கு இடுப்புக்குக் கீழே விழும் முடி. ஞாயிறு தவறாமல் சீயக்காய் தேய்த்துக் குளித்து, வெயிலில் காயவைத்து, நெருக்குப்பல் சீப்பால் வாரி முடிவாள். அவள் தலையில் பேன் இருந்ததாகக் கெத்தரினுக்கு நினைவே இல்லை.

கொறற்றி கையை மெல்ல இறக்கினாள்.

"ஆமாங்க டீச்சர்" என்றாள். "ஏந்தலையில தாங்க. காலயில பெரட்டுல பேரு குடுக்க ஓடுறோம், அந்தியில வாறோம். பாத்துக்க நேரமில்ல. புள்ள மேல குத்தமில்லங்க."

அவள் இப்படித்தான் சொல்வாள் என்பது கெத்தரினுக்குத் தெரியும். அதனால்தான் அம்மாவின் பெயரைச் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரியின் பெயரைச் சொல்லியிருந்தால் அவள் ஒருநாள் மறுத்திருக்கலாம். அம்மா மறுக்கமாட்டாள்.

நிஷ்மியா சீப்புகளை எடுத்துக்கொண்டு பின்பக்கம் கழுவப் போனார். போகும்போது கண்ணாடியில் ஒரு தடவை கெத்தரினைப் பார்த்தார்.

வெளியே ஓட்டோவுக்குக் காத்திருந்தபோது டெல்மா கெத்தரினைத் தனியாகக் கூப்பிட்டார். வேறு கட்டிலில் படுக்கச் சொன்னார். தலையணை உறையைச் சுடுதண்ணியில் அவிக்கச் சொன்னார். பிறகு, கல்யாணத்தன்று நெட்டைத் தானே குத்திவிடுவதாகவும், அம்மாவுக்கு அந்தச் சிரமம் வேண்டாம் என்றும் சொன்னார். எல்லாம் அன்பாகத்தான். கெத்தரின் சரி என்றாள். நாலடி தள்ளி நின்ற கொறற்றி ரோட்டில் போகும் வாகனங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டிருக்கும்.

திரும்பும் வழியில், மாத்தளையில் பஸ் மாறும்போது, கொறற்றி பாமசி ஒன்றுக்குள் நுழைந்து பேன் மருந்து கேட்டாள். யாருக்கு என்று கடைக்காரர் கேட்டபோது எனக்குத்தான் என்றாள். கெத்தரின் வாசலில் நின்றாள்.

அடுத்த ஒரு வாரம் ஒவ்வொரு மாலையும் கதவைச் சாத்திக்கொண்டு அம்மா அவளுக்குத் தலை வாரினாள். மருந்து போட்டாள், கழுவினாள், ஈரை ஒவ்வொன்றாக உருவி எடுத்தாள். பார்லரில் நடந்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. கெத்தரின் மூன்று தடவை பேச்சை எடுக்கப் பார்த்தாள். முதல் தடவை அடுப்பில் சோறு என்று அம்மா எழுந்து போனாள். இரண்டாவது தடவை, தலையை ஆட்டாதே என்றாள். மூன்றாவது தடவை கெத்தரினுக்கே வார்த்தை வரவில்லை. அம்மா திட்டியிருந்தால் அழுதிருக்கலாம். மென்மையாகச் சீப்பு இறங்க இறங்க அவளுக்குக் காது மடல் சுட்டது.

கல்யாணத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து கெத்தரின் பாடகர் குழுவோடு தங்கிவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்தாள். அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலையில் சேலைத் தலைப்பு. அது வழக்கமில்லாததால், மழையில் நனைந்தீர்களா என்று கெத்தரின் கேட்டாள். அம்மா திரும்பினாள். தலைப்பு நழுவியது.

தலையில் முடி இல்லை. தோட்டத்தில் ஆண்களுக்கு முடி வெட்டும் சசிக்குமாரிடம் போய் மொட்டை அடித்துக்கொண்டு வந்திருந்தாள். தலை வெளிறிப்போய், முகத்தைவிட வெளுப்பாக, ஒரு பக்கம் சின்னக் கீறலோடு இருந்தது.

அந்தோணியாருக்கு நேர்த்தி வைத்திருந்தேன், மகள் கல்யாணம் நல்லபடி நடந்தால் முடி தருவதாக என்றாள். லயத்தில் எல்லாரிடமும் அப்படித்தான் சொன்னாளாம். கல்யாணம் இன்னும் நடக்கவே இல்லையே என்று கெத்தரின் கேட்டாள். அம்மா அரிசித் தண்ணியை வடித்து ஊற்றினாள்.

"அந்த டீச்சர் கல்யாணத்தன்னிக்கு ஏந்தலையத் தான் பாத்துக்கிட்டு இருப்பாங்க" என்றாள் கடைசியில். "முடியே இல்லன்னா எதப் பாக்குறது? இனி கிட்ட வராதன்னு சொல்ல மாட்டாங்கல்ல. ஒனக்கு அந்த நெட்ட நாந்தான் குத்திவிடணும்."

கெத்தரின் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா தன்னைத் தண்டிக்கவில்லை, தியாகமும் செய்யவில்லை. மகளின் தலையில் நெட் வைக்கும் அந்த ஒரு நிமிடத்தை விட்டுக்கொடுக்க முடியாமல் முடியைக் கொடுத்துவிட்டாள். அதை அம்மாவிடமிருந்து பிடுங்கியவள் தானே. அந்த ஞாயிறு முழுக்க அவளால் அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

திங்கட்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு டவுனுக்குப் போனாள். டெல்மா பாடசாலை விட்டு அப்போதுதான் வந்திருந்தார். தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். அலுமாரியின் மேல் நெட் இருந்தது. கழுவிக் காயவைத்துப் பொலித்தீனில் சுற்றி, உள்ளே வேப்பிலையும் பூச்சி உருண்டையும் போட்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டே கெத்தரின் சொன்னாள். பேன் தன்னுடையது. பிள்ளைகளிடமிருந்து வந்தது. புதன்கிழமையே தெரியும். அம்மா தலையில் எதுவும் இருந்ததில்லை. இப்போது அந்தத் தலையில் முடியும் இல்லை.

டெல்மா கோப்பையைக் கீழே வைத்தார். 

"பேன் எங்க ஸ்கூல்லயும் இருக்கு" என்றார் பிறகு. "என் தலையிலயும் ரெண்டு தடவ வந்துருக்கு. அத அன்னைக்கே சொல்லிருந்தா ஒரு சிரிப்போட முடிஞ்சிருக்கும்."

"முடிஞ்சிருக்குமாக்கா?"

எதிர்த்துக் கேட்கவேண்டும் என்று அவள் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். டெல்மா பதில் சொல்ல வாயெடுத்து நிறுத்தினார்.

"தெரியல" என்றார். "முடிஞ்சிருக்காது போல."

பிறகு அவரும் ஒன்றைச் சொன்னார். பார்லரில் நடந்ததை அன்றே தன் சின்னம்மாவிடம் சொல்லிவிட்டார். சின்னம்மா மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறார். மண்டபத்தில் பெண்ணின் தாய்க்கு முன்வரிசை மேசை வேண்டாம், தோட்டத்து ஆட்களோடு கதவுப் பக்கம் இருந்தால் அவருக்கும் வசதி என்று முடிவாகியிருக்கிறது. வசதி என்ற சொல்லைச் சொல்லும்போது டெல்மாவின் குரல் தாழ்ந்தது. அதை மாற்றிவிடுகிறேன் என்றார். ஆனால், பெற்றவளை இப்படிச் சொல்ல உனக்கு எப்படி மனம் வந்தது என்றும் கேட்டார். தேத்தண்ணி ஆறும் வரை இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

பஸ் நிலையத்திலிருந்து ஷியாமுக்குப் போன் பண்ணி அவனிடமும் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கோபப்படவில்லை. அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டாயா என்று மட்டும் கேட்டான். இல்லை என்றாள். என்னிடம் சொல்வதற்கு முன்னால், அக்காவிடம் சொல்வதற்கு முன்னால், அவரிடமல்லவா போயிருக்கவேண்டும் என்றான். அவளுக்கு மிகவும் வலித்தது அதுதான். வெட்கத்திலிருந்து தப்புவதற்கு அவள் எல்லாரிடமும் போனாள். போகவேண்டிய இடத்துக்குப் போகவில்லை.

அன்று பொழுது சாயும் நேரம் வீட்டுக்கு வந்ததும் மன்னிப்புக் கேட்டாள். டெல்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டதையும் சொன்னாள். அம்மா அழுவாள், கட்டிப்பிடிப்பாள் என்று வழி முழுக்க நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். அம்மாவின் முகம் கறுத்தது.

"ஒன்ன யாரு சொல்லச் சொன்னா?" என்றாள். "நீ நல்ல பேரோட அந்த வீட்டுக்குப் போகணும்னு தானே நான் வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன்? இப்ப ஒனக்கும் கெட்ட பேரு, எனக்கும் மொட்டத் தல. எதுக்குடி இந்த முடிய எடுத்தேன்?"

அம்மா அவளை டி போட்டுப் பேசிப் பல வருடமாகிவிட்டது. 

புதன்கிழமை பின்னேரம் டெல்மா ஓட்டோ பிடித்து எல்கடுவ தாண்டித் தோட்டத்துக்கே வந்துவிட்டார். லயத்து முன்னால் ஓட்டோ நின்றதும் பக்கத்து வீடுகளின் கதவுகள் திறந்தன. கொறற்றி அவசரமாகத் தலையை மூடிக்கொண்டு கதிரையைத் துடைத்துப் போட்டாள். டெல்மா உட்காரவில்லை. பார்லரில் தான் நடந்துகொண்ட விதத்துக்கு மன்னிக்கச் சொன்னார். கெத்தரின் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகவும் சொன்னார்.

"இல்லங்க டீச்சர்" என்றாள் கொறற்றி. "புள்ள எம்மேல பாசத்துல அப்படிச் சொல்லுது. ஏந்தலையில தான் இருந்துச்சு. இவ சின்ன வயசிலருந்தே சுத்தம்."

சொல்லும்போது அவள் மகளைப் பார்க்கவில்லை. டெல்மாவைப் பார்த்துச் சிரித்தபடி சொன்னாள். சொன்ன பொய்யை இனி விடமாட்டாள் என்று கெத்தரினுக்குத் தெரிந்தது. இல்லம்மா என்று தொடங்கினாள். உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்று என்று கொறற்றி இடைமறித்தாள். டெல்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மேலே ஒன்றும் கேட்காமல் பையிலிருந்து நெட்டை எடுத்து நீட்டினார். நீங்கள்தான் குத்திவிட வேண்டும் என்றார். கொறற்றி கையைச் சேலையில் இரண்டு பக்கமும் துடைத்துவிட்டு அதை வாங்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை விடியற்காலை தோட்டத்திலிருந்து வேனில் அலுவிகாரைக்கு வந்தார்கள். நிஷ்மியா ஒரு சொல்லும் கேட்காமல் கெத்தரினின் முடியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார், தலை முழுக்க. ஒன்றுமில்லை, சுத்தம் என்றார். தாழ்கொண்டைதான் என்று முடிவாகியிருந்தது. உச்சியைப் புடைக்கச் சீவி, குறுக்கும் நெடுக்குமாகக் கிளிப்புகளை மாட்டி, கொண்டையைச் சுற்றி முடித்ததும் விலகி நின்று கொறற்றியைக் கூப்பிட்டார். சீப்பின் பல்லை முதலில் பின்பக்கமாகச் சாய்த்து, பிறகு முன்னுக்குத் தள்ளச் சொல்லிக்கொடுத்தார். முதல் தடவை கொறற்றி அழுத்தத் தயங்கியதில் சீப்பு சரிந்தது. இரண்டாவது தடவையும் கொஞ்சம் சரிந்தது. நிஷ்மியா ஒரு விரலால் தாங்கிக்கொண்டார். மூன்றாவது தடவை நின்றது. நீலச் சேலைத் தலைப்பு நழுவி அம்மாவின் மொட்டைத் தலை கண்ணாடியில் தெரிந்தது. ஒரு வாரத்து முடி, மண்ணில் புல் குத்துகிற மாதிரி. கெத்தரின் இந்தத் தடவை பார்வையைத் தாழ்த்தவில்லை. ஆனால் பார்த்துக்கொண்டிருப்பதும் சுலபமாக இல்லை.

கோயிலில் தாலி கட்டி முடிந்து மண்டபத்துக்கு வந்தார்கள். டெல்மா சொன்னபடி கொறற்றிக்கு முன்மேசையில் இடம் வைத்திருந்தார். ஷியாமின் சின்னம்மா அதே மேசைக்கு வந்தார். கொறற்றியைப் பார்த்ததும், தன் பேத்தியின் கையைப் பிடித்து இழுத்து இரண்டு கதிரை தள்ளி உட்காரவைத்தார். சத்தமில்லாமல்தான் செய்தார். கொறற்றி பார்க்காதது போலத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

கெத்தரின் அடுத்த மேசையில் படத்துக்கு நின்றபடியே அதைக் கண்டாள். நெட்டை ஒரு கையில் அள்ளிப் பிடித்துக்கொண்டு வந்து சின்னம்மாவின் முன்னால் நின்றாள். மேசையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள்.

"சின்னம்மா, பேன் இருந்தது எனக்கு" என்றாள். "அம்மாவுக்கு இல்ல. அன்னைக்கு வெக்கத்துல நான் அம்மா மேல பழிய போட்டுட்டேன்."

கரண்டிச் சத்தம் நின்றது. யாரோ இருமினார்கள். சின்னம்மா அதற்கென்ன மகள், அதற்கென்ன என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுத் தண்ணீர் கிளாஸை எடுத்தார். சொன்னால் லேசாகிவிடும் என்று கெத்தரின் நினைத்திருந்தாள். லேசாகவில்லை. கழுத்திலிருந்து நெற்றி வரை சூடு ஏறியது. அத்தனை பேரும் அவளுடைய கொண்டையைப் பார்த்தார்கள், நெட்டைப் பார்த்தார்கள். கொறற்றி எட்டி மகளின் மணிக்கட்டைப் பிடித்து நகம் பதிய அழுத்தினாள், போதும் என்பது போல. கொஞ்ச நேரம் கழித்து சின்னம்மாவின் பேத்தி தானாக இறங்கி வந்து கொறற்றியின் பக்கத்துக் கதிரையில் ஏறி, ஏன் முடி இல்லை என்று கேட்டது. அந்தோணியாரிடம் குடுத்துட்டேன் என்று கொறற்றி அதற்குச் சொன்னாள்.

அந்திக்கு முன் தோட்டத்து ஆட்கள் வேனில் திரும்பினார்கள். கொறற்றி மருமகனின் நெற்றியில் சிலுவை போட்டாள். மகளுக்கும் போட்டுவிட்டு வேனில் ஏறினாள்.

இரண்டு வாரம் கழித்துக் கெத்தரினும் ஷியாமும் தோட்டத்துக்கு விருந்துக்குப் போனார்கள். கொறற்றி கோழி அடித்திருந்தாள். ஷியாம் கை கழுவப் பின்பக்கம் போனபோது, இலையில் சோறு வைத்துக்கொண்டே சொன்னாள்:

"அன்னைக்கு அத்தன பேரு முன்னால சொல்லிருக்கத் தேவல்ல."

"தேவ தாம்மா."

கொறற்றி மகளின் இலையில் இன்னொரு அகப்பை குழம்பை ஊற்றினாள். பிறகு பின்பக்கம் எட்டிப் பார்த்து, கை தொடைக்கத் தொவாய் கொடியில் கிடக்குதுங்க தம்பி என்று மருமகனுக்குக் குரல் கொடுத்தாள்.